ஓட்டை ஒன்றுக்கு முந்நூறு ரூபாய்

நான் பி.காம். முதல் வகுப்பில் தேறியவன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடந்ததைக் கேட்ட பிறகு சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். (என் மனைவி நம்புவதில்லை. சர்டிஃபிகேட்டை லேமினேட் செய்து ஹாலில் மாட்டியும் பயனில்லை.)

2008 கோடையில் எனக்கு வேலை இல்லை. சிப்காட்டில் கதவு தெரிந்த கம்பெனிகளுக்கெல்லாம் விண்ணப்பம் போட்டுவிட்டு, பதில் வராத கடுப்பில் கிள்ளையில் வீட்டோடு கிடந்தேன். அப்பா கடலுக்குப் போகிறவர். என்னை மட்டும் படகுப் பக்கம் அண்டவிடாமல் சிதம்பரத்துக்கு அனுப்பிப் படிக்க வைத்தார். அப்படிப் படித்தவன் பகலில் குறட்டை விடுவதை எத்தனை நாள்தான் பார்ப்பார்? கடலூர் முதுநகரில் இருக்கும் அக்கா வீட்டுக்கு என்னை மூட்டை கட்டி அனுப்பிவிட்டார்.

அக்கா புருஷன் செல்வராசு மாமா, உப்பனாற்றங்கரையில் ஃபைபர் படகுகளைப் பழுது பார்க்கும் ஷெட் வைத்திருந்தார். கீற்றுக் கூரை, ஒட்டு வேலை செய்ய இரண்டு ஆட்கள், மூக்கைத் துளைக்கும் ரெசின் பசை வாசனை. அவ்வளவுதான் ஷெட். கணக்கு வழக்கைக் கொஞ்ச நாள் பார், சரிப்பட்டு வந்தால் சம்பளம் போட்டு நிரந்தரமாக வைத்துக்கொள்கிறேன் என்றார் மாமா. எனக்கு வேறு போக்கிடம் இல்லை என்பது எங்கள் இருவருக்குமே தெரியும். அதை அவர் ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை.

ஆனால் அவர் எஸ்டிமேட் போடும் விதம் எனக்கு முதல் நாளே பிடிக்கவில்லை. படகை ஒரு சுற்றுச் சுற்றி வந்து அங்கங்கே விரலால் தட்டிப் பார்ப்பார். அதன் பிறகு படகைப் பற்றிப் பேச்சே எடுக்க மாட்டார். போன வாரம் என்ன மீன் பட்டது, பெரியவளுக்கு வரன் அமைந்ததா, சிங்கப்பூரில் இருக்கும் மச்சான் பணம் அனுப்புகிறாரா என்று விசாரிப்பார். டீ வரும். டீ முடிந்ததும் ஒரு விலை சொல்வார். படகுக்காரர் நெஞ்சைப் பிடித்துக்கொள்வார். இவர் கொஞ்சம் இறங்க, அவர் கொஞ்சம் ஏற, எங்காவது ஓரிடத்தில் விலை நிற்கும். ஒரே மாதிரி விரிசலுக்கு ஒருவரிடம் ஆயிரம் வாங்குவார், அடுத்தவரிடம் அறுநூறு.

இது அநியாயம் இல்லையா என்று கேட்டேன்.

“அறுநூறு குடுத்தவன் போன மாசந்தான் வலைய மொத்தமா கடல்ல வுட்டுட்டு வந்தான் மச்சான்” என்றார்.

ரெசின் செலவுக்கும் அவர் வலைக்கும் என்ன சம்பந்தம் என்று நான் விடாமல் கேட்டேன். பாடப் புத்தகத்தில் அடக்கவிலை என்று ஒரு அத்தியாயமே உண்டு, அதில் வலை வரவில்லை என்றும் சொன்னேன். மாமா சிரித்துக்கொண்டே இன்னொரு டீ சொன்னார். (இன்றைக்கும் என் கட்சி அதுதான். ஆளைப் பார்த்து விலை சொல்வது தப்பு. தப்பை நான் திருத்திய விதத்தில்தான் சின்னக் கோளாறு.)

அந்தச் சமயத்தில் மாமாவின் அப்பாவுக்குச் சிதம்பரத்தில் ஹெர்னியா ஆபரேஷன். அக்காவும் மாமாவும் கிளம்பினார்கள். படகுகளைக் கரையேற்றிப் பழுது பார்க்கும் சீசன் அது. வருஷத்துக்கும் சோறு போடுவது அந்த இரண்டு மாதம்தான். போகும்போது மாமா ஷெட்டின் மூலையில் அடுக்கியிருந்த ரெசின் டின்களைக் காட்டினார்.

“எல்லாம் கடனுக்கு வாங்கினது மச்சான். சீசன் முடியிற வரைக்கும் இதுதான். பாத்து நடந்துக்க.”

நான் பார்த்து நடந்துகொள்ளவில்லை. போர்டு எழுதப் போனேன்.

சிதம்பரத்தில் கல்லூரிக்குப் பக்கத்தில் ஒரு சைக்கிள் கடை. பஞ்சர் ஒன்றுக்கு இவ்வளவு என்று எழுதித் தொங்கவிட்டிருப்பார்கள். பேராசிரியர் வந்தாலும் அதே விலை, பால்காரர் வந்தாலும் அதே விலை. சைக்கிளைக் கொஞ்சம் பெரிதாக்கினால் படகு என்பது என் சித்தாந்தம். பழைய எஸ்டிமேட்டுகளைக் கூட்டி, ஓட்டைகளால் வகுத்து, சராசரி கண்டுபிடித்தேன். இரண்டு வண்ணத்தில் போர்டு தயாரானது. “ஓட்டை ஒன்றுக்கு ரூ.300 மட்டும். அனைவருக்கும் ஒரே விலை. பேரம் பேசாதீர்.” ஷெட் வாசலில் மாட்டிவிட்டு, கொஞ்சம் பின்னால் போய் நின்று, வெகுநேரம் ரசித்தேன்.

முதல் ஆளாக வந்தவர் சோனங்குப்பம் கலியபெருமாள். கரையில் கொட்டியிருந்த கருங்கல்லில் அவர் படகு உரசி, அடிப்பக்கம் வரிசையாக ஏழெட்டு ஓட்டை. போர்டை எழுத்துக் கூட்டி இரண்டு முறை படித்தார்.

“ஏந்தம்பி, ஓட்ட சின்னதா இருந்தாலும் முந்நூறு, பெருசா இருந்தாலும் முந்நூறா?”

“ஆமாங்க. எல்லாருக்கும் ஒரே ரேட்டு.”

“ஒன்னும் மாறாதே?”

“போர்டுல போட்டா போட்டதுதாங்க.”

அவர் என் தோளைத் தட்டி, படித்த பிள்ளை படித்த பிள்ளைதான் என்று பாராட்டிவிட்டுப் போனார். அன்று மாலை முழுக்க நான் தரையில் நடக்கவில்லை.

மறுநாள் காலை படகோடு வந்தார். கவிழ்த்துப் பார்த்தோம். ஓட்டைகளைக் காணோம். அவை இருந்த இடத்தில் ஓட்டைகளுக்கு நடுவே இருந்த சுவரையெல்லாம் உளியால் தட்டி எடுத்து, எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்திருந்தார். என் தலையும் இரண்டு தோளும் தாராளமாக நுழையும் அளவுக்கு ஒரு பிளவு. (நுழைத்துப் பார்த்தேன். அந்த வழியாகக் கலியபெருமாளின் முகம் தெரிந்தது. மலர்ந்திருந்தது.)

“எண்ணிக்கப்பா. ஒண்ணுதான்” என்றார்.

கூட ஐந்தாறு பேரை அழைத்து வந்திருந்தார். எல்லோரும் போர்டைப் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள். நியாயமாக நான் அப்போதே போர்டைக் கழற்றி ஆற்றில் வீசியிருக்க வேண்டும். ஆனால் மாற மாட்டேன் என்று வாய் கிழியச் சொன்னவன் நான்தானே. முந்நூறு ரூபாயை வாங்கிக்கொண்டேன். ஒட்டு வேலைக்காரர்கள் இருவரும் அன்று பூராவும் அந்த ஒரு ஓட்டையோடு மல்லுக்கட்டினார்கள். கண்ணாடி நார் மேட் மேல் மேட் வைத்து ஒட்டி, ஒரு டின் ரெசின் காலி. வேலை மட்டும் சுத்தமாக இருந்தது.

அடுத்த நாள் ஆற்றங்கரையில் படகுகள் வரிசை கட்டி நின்றன. ஷெட்டுக்கு வெளியே காலையிலிருந்தே உளிச் சத்தம். சிலர் வீட்டிலேயே தட்டிச் சேர்த்துக் கொண்டுவந்தார்கள், சிலர் வந்த இடத்தில் சேர்த்தார்கள். ஒருவர் என்னிடமே உளி கேட்டார். கொடுத்தேன். (ஆமாம், கொடுத்தேன். மரியாதையாகக் கேட்டார்.) நாளுக்கு நாள் டின் குறைந்தது, கல்லாவில் முந்நூறு முந்நூறாக ஏதோ சேர்ந்தது. கணக்குப் போட்டுப் பார்த்தால் ஒவ்வொரு படகுக்கும் நாங்களே கைக்காசு போட்டு உபகாரம் செய்துகொண்டிருந்தோம்.

சீசன் போனால் அக்கா வீட்டில் வருஷம் முழுக்க இழுபறி. தம்பியால் வந்தது என்று அவள் மாமியார் வீட்டில் ஒரு பேச்சு வந்தால் அக்கா எந்த முகத்தோடு நிற்பாள்? கிள்ளைக்கு ரயில் ஏறிவிடலாமா என்றுகூட நினைத்தேன். ஏறியிருப்பேன். நான் கிளம்புவதற்குள் மாமா வந்து இறங்கிவிட்டார்.

கரையில் நிற்கும் படகுகளைப் பார்த்தார். மூலையில் மிச்சமிருந்த இரண்டு டின்னைப் பார்த்தார். போர்டை நிதானமாகப் படித்தார். என்னைத் திட்டுவார் என்று கண்ணை மூடிக்கொண்டு நின்றேன். அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, வரிசையில் முதலில் நின்றவரைக் கூப்பிட்டார்.

“போர்டு ரேட்டுதான?” என்றார் அந்த ஆள் முன்ஜாக்கிரதையாக.

“போர்டு ரேட்டேதான். எம் மச்சான் எழுதினா எழுதினதுதான்” என்றார் மாமா. ஒரு பழைய பிளைவுட் பலகையை எடுத்து அந்தப் பெரிய ஓட்டையின் மேல் வைத்து, நான்கு பக்கமும் கயிற்றால் கட்டினார். “ஓட்டைய அடைச்சாச்சு. முந்நூறு குடு.”

“தண்ணி வருமேப்பா!”

“அடைக்கிறதுக்குத்தான் போர்டுல ரேட்டு. தண்ணி வராம இருக்கறதுக்கு ஒண்ணும் எழுதலியே. அத நாம பேசிக்கலாம். டீ சாப்புடுறியா?”

கரை முழுக்கச் சிரிப்பு. வேடிக்கை பார்க்க வந்திருந்த கலியபெருமாள்தான் சத்தமாகச் சிரித்தார். டீ வந்தது. போன வாரம் என்ன மீன் பட்டது என்று மாமா ஆரம்பித்தார். சீசன் பிழைத்தது. எனக்கு மட்டும் ஆடி முடியும்வரை சம்பளம் கிடையாது என்று தீர்ப்பானது. அதை நான் சந்தோஷமாக ஏற்றுக்கொண்டேன். அக்கா அன்றைக்கு வஞ்சிரம் வறுத்தாள். பெரிய துண்டு எனக்குத்தான் வைத்தாள்.

அடுத்த வருஷம் கலியபெருமாள் மறுபடி ஷெட்டுக்கு வந்தார். படகு இல்லாமல், வெற்றிலை பாக்குத் தட்டோடு. தன் பெண் கலைச்செல்வியை எனக்குக் கொடுக்க விருப்பம் என்றார். மாமா நம்பாமல், என் மச்சானைப் பற்றித் தெரிந்துதான் கேட்கிறீர்களா என்றார்.

“சொன்ன வார்த்தையில நின்னான் பாருங்க, அது போதும். கணக்குத்தான் வராது. அத எம் பொண்ணு பாத்துக்கும்.”

(பி.காம். முதல் வகுப்பு என்று நான் குறுக்கே சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை.)

சீர் பற்றிப் பேச்சு வந்தது. மாமா பெருந்தன்மையாக, அதெல்லாம் வேண்டாம், ஒரே ஒரு பாத்திரம் வாங்கிக் கொடுங்கள் போதும் என்றார். கலியபெருமாளுக்கு வாயெல்லாம் பல். சின்னதோ பெரியதோ ஒன்றுதானே என்று அவரே எல்லோர் முன்னாலும் உறுதி செய்துகொண்டார். மறுவாரம் சிதம்பரத்தில் பாத்திரக் கடைக்குப் போனோம். மாமா குடம், தவலை, குத்துவிளக்கு எல்லாவற்றையும் தாண்டி நடந்தார். கடையின் பின்பக்கம், கல்யாணச் சமையலுக்கு விற்கிற அண்டாக்களில் ஆகப் பெரியதன் மேல் கை வைத்தார்.

“எண்ணிக்கங்க. ஒண்ணுதான்.”

கலியபெருமாள் அண்டாவைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார், பணத்தை எடுத்தார். கடைக்கு வெளியே வந்ததும் மாமாவைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, சம்பந்தம் என்றால் இதுதான் சம்பந்தம் என்றார்.

அந்த அண்டா எங்கள் வீட்டு வாசற்படிக்குள் நுழையவில்லை. இன்றுவரை தோட்டத்தில்தான் இருக்கிறது. அதைப் பார்த்து வளர்ந்த என் மகள், கடைத்தெருவில் நான் எதற்கு விலை கேட்டாலும் என் கையைப் பிடித்து இழுக்கிறாள்.

“அப்பா, எத்தினின்னு கேக்காத. எவ்ளோ பெருசுன்னு கேளு.”