ஸலாஹுதீன் மாஸ்டர் எழுதிய ஒரே விபரம்

பின்னேரம் அஸர் தொழுத பிறகு கடற்கரையில் கூட்டாளிமாரோடு கொஞ்ச நேரம். ஸலாஹுதீன் மாஸ்டர் இந்தத் துனியாவில் கேட்டது அவ்வளவுதான். அதற்கும் வழியில்லை. மணலில் குந்தினால் போதும், மனைவி மர்ஷூதாவின் போன் கோல் வந்துவிடும்.

"மோட்டர் நிக்குதில்ல. டேங்க் வழியுது. ஓடி வாங்க!"

வீட்டில் எல்லாமே கைப்போன் மூலம் இயக்கும் சாமான்கள். ஆனால் மச்சான் கட்டாரிலிருந்து அனுப்பிய பல்புக்குப் போனில் ஒரு அப், மோட்டருக்கு இன்னொன்று, ஏசிக்கு வேறொன்று. ஒன்று 'ஒன்' என்றால்தான் எழும்பும், மற்றதற்கு 'ஸ்டார்ட்' வேண்டும், ஏசி வெறும் இலக்கத்தில் கதைக்கும். சம்பந்திச் சண்டை நடக்கிற கலியாண வீடு தோற்றுப்போகும்.

மாஸ்டர் கம்பியூட்டர் படிப்பிக்கிறவர், விடுவாரா? ஒரு கிழமை லீவு போட்டு, எல்லாவற்றுக்கும் ஒரே அச்சில் விபரம் எழுதினார். இது என்ன சாமான், எங்கே இருக்கிறது, என்ன சொன்னால் என்ன செய்யும். எல்லாம் ஒரே அப்புக்குள் அடங்கின.

"இனி ஒத்த விரலால வீட்டையே நடத்தலாம் புள்ள. என்னக் கூப்பிடத் தேவல்ல."

"வீட்டுக்குச் சொந்தக்காரர் ஆரெண்டு அப் கேக்குதே?"

"ஒன்ட பேரத்தான் போட்டிரிக்கன். ஒன்ட வாப்பா ஒனக்குத் தந்த வீடு. நான் வந்து குந்தின மாப்பிள்ளதானே."

மர்ஷூதாவுக்கு மனசு இளகிவிட்டது. ஆனாலும் கேட்டாள். "ஒங்கட போனும் ஒரு சாமான்தானே? அதுக்கு எழுதல்லியா?"

முறையென்றால் முறைதான். மாஸ்டர் தன் போனுக்கும் பெருமையோடு எழுதினார்: எங்கே நிற்கிறது, என்ன சொன்னால் அலறும்.

அடுத்த நாள் கடற்கரை. போன் சைலண்டில். கூட்டாளி றினாஸ் கச்சான் கடலைச் சரையைப் பிரித்ததுதான் தாமதம், சைலண்டில் கிடந்த போன் தானாகவே அலறத் தொடங்கியது. மாஸ்டர் பதறி எடுத்தார்.

"என்ன புள்ள, மோட்டரா?"

"மோட்டர் நிண்டுட்டு. டேங்கும் நல்லா இரிக்கி. நீங்க மட்டுந்தான் கடற்கரையில எண்டு காட்டுது. தனியத் தேத்தண்ணி குடிக்க எனக்கு ஏலா."

அப்போதுதான் விளங்கியது, இவ்வளவு நாளும் டேங்க் ஏன் வழிந்ததென்று. பாவமாகவும் இருந்தது, கோபமாகவும் வந்தது.

"என்ட போன அதுக்குள்ளயிருந்து கழட்டு!"

"சொந்தக்காரர்தான் கழட்டலாமாம், அதுவும் போன் வீட்டு வைபைக்குள்ள நிக்கோணுமாம். நீங்கதானே அப்பிடி அமைச்ச? வாங்க, இறால் வடை சூடாக் கிடக்கு."

மாஸ்டர் உடுத்திருந்த சாறனில் ஒட்டிய மணலைத் தட்டிக்கொண்டு எழும்பினார். வீட்டில் மூன்றாவது வடையைக் கடிக்கும்போது பொழுதுபட்டு மஃரிபுக்குப் பாங்கு சொன்னது.

"போன்?" என்றார்.

"அதுக்கென்ன," என்றாள் மர்ஷூதா, "நாளைக்கும் தேத்தண்ணி நேரம் வாங்க, கழட்டுவம்."