மாமாவுக்கு நான் போட்ட கறுப்புக் கோடு

கம்ப்யூட்டர் தெரிந்தவள் என்று குடும்பத்தில் பெயர் எடுப்பதைப் போன்ற ஆபத்து வேறில்லை. எனக்கு அந்தப் பெயர் இருபது வயதிலேயே வந்துவிட்டது. இன்னும் மீளவில்லை.

அப்போது யுத்தம். மஹய்யாவையில் எங்கள் வீடு; கண்டி நகரத்து அச்சகமொன்றில் பக்கம் வடிவமைக்கும் வேலை. கல்யாணப் பத்திரிகை எப்போதாவது வரும், மரண அறிவித்தல் தினமும் வரும். அடித்து அடித்து அலுத்துப்போய், 'பெயர்' என்று ஒரு ஸ்டைல் செய்து வைத்திருந்தேன். ஒரு தட்டுத் தட்டினால் போதும். இறந்தவரின் பெயர் பெரிதாகி, மேலும் கீழும் தடித்த கறுப்புக் கோடு விழுந்துவிடும்.

அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. பத்திரிகையை நானே அடிப்பேன் என்று அடம்பிடித்தேன் (யாரும் கேட்கவில்லை). வேர்ட்டில் அழகாகத் தட்டி, பெற்றோர், மணமக்கள் பெயர்களுக்கு ஒரு ஸ்டைல் கொடுத்து, அதற்கும் 'பெயர்' என்றே பெயர் வைத்தேன். பிறகு அச்சகத்தில் பக்கம் வடிவமைக்கும் பேஜ்மேக்கரில் பழைய மரண அறிவித்தல் ஒன்றைத் திறந்து, உள்ளே இருந்தவரை அழித்துவிட்டு, அக்காவின் கல்யாணத்தைக் கொண்டுபோய் இறக்கினேன் (புதிதாக ஒன்று திறக்கச் சோம்பல்). இரண்டு ஸ்டைலுக்கும் ஒரே பெயர் இருந்தால், குடிபோன வீட்டின் உடுப்பைத்தான் எழுத்து உடுத்திக்கொள்ளும் என்று எனக்குத் தெரியாது.

நான் பார்த்தேன். முதலாளி பார்த்தார். மெஷின்காரரும் பார்த்தார். எழுத்துப்பிழை இல்லை என்று மூவருக்கும் திருப்தி. கறுப்புக் கோடு யார் கண்ணையும் உறுத்தவில்லை. அந்த வருடங்களில் பெயர் என்றால் கோட்டோடுதான் வரும். இதை நினைத்தால் மட்டும் எனக்கு இன்றைக்கும் சிரிப்பு வருவதில்லை.

முதல் பத்திரிகை மாப்பிள்ளை வீட்டுக்கே போகவேண்டும், அதுவரை கட்டைப் பிரிக்கக்கூடாது என்றார் அம்மா. கட்டுகஸ்தோட்டைக்குப் போகும் வழியில் சோதனைச் சாவடியில் இராணுவக்காரர் பிரித்தார். ஒன்றை எடுத்துப் பார்த்தவரின் முகம் வாடியது. "அனே, பவ்" என்று சிங்களத்தில் பரிதாபப்பட்டு, ஒரு கேள்வியும் கேட்காமல் எங்களை அனுப்பிவைத்தார்.

"எவ்வளவு நல்ல பையன்!" என்றார் அம்மா.

மாப்பிள்ளையின் அப்பா (எனக்கு மாமா முறை) கண்ணாடி போட்டுக்கொண்டு நிதானமாக வாசித்தார்.

"ஏம்மா, இதுல ஆறு பேரு இருக்கோம். எல்லாரும் ஒரே நாள்லயா போய்ட்டோம்?"

மாப்பிள்ளையின் அம்மா எட்டிப் பார்த்துவிட்டு அழ ஆரம்பித்தார். "சகுனமே சரியில்லங்க. இந்தச் சம்பந்தம் நமக்கு வேணாம்."

என் அம்மா வெற்றிலைத் தட்டைக் கீழே வைத்துவிட்டார். அக்காவின் வாழ்க்கையை நானே முடித்துவிட்டேன் என்று நினைத்தேன். மாமா கண்ணாடியைக் கழற்றினார்.

"நாட்டுல பாதிப் பேருக்குக் கோடு போட்டாச்சு. நமக்கு முன்கூட்டியே போட்டுட்டாங்க, அவ்வளவுதான். வேற அடிச்சுக் கொண்டாம்மா. கல்யாணம் நடக்கும்."

நடந்தது. அதன்பிறகு யார் போனில் சுகம் கேட்டாலும், "கோடு போட்டும் போகல, இருக்கேன்" என்பார் மாமா.

போன வருடம் உண்மையாகவே போய்விட்டார். "எனக்குத்தான் ஏற்கனவே போட்டாச்சே, மறுபடி எதுக்கு?" என்று சொல்லி வைத்திருந்ததால், அறிவித்தலைக் கோடில்லாமல் அடித்தேன். செத்த வீட்டுக்கு வந்த சித்தப்பா அதைத் தூரத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"யாருக்குக் கல்யாணம்?"

அழுதுகொண்டிருந்த அக்காதான் முதலில் சிரித்தாள்.