குழைகாது வண்டி

இனிமேல் ஆண்பிள்ளையாக வாழ்வது என்று லியாவ் தெமிங் சனிக்கிழமை மத்தியானம் முடிவெடுத்தார். கையில் ஸ்பானர் இருந்தது. எதிரே சைக்கிள் நின்றது. சைக்கிளின் விலாவில், சின்னச் சக்கரம் ஒன்றின் மேல், மெத்தை போட்ட பக்கத்து இருக்கை ஒட்டிக்கொண்டிருந்தது.

பெண்டாட்டியை உட்காரவைத்து மிதிப்பதற்கென்றே செங்டு நகரத்தில் அவதாரம் எடுத்த வண்டி அது. ஊர் அதற்கு வைத்த பெயர் குழைகாது வண்டி. குழைகாது என்றதும் காதில் குண்டலம் தொங்கும் குழைக்காதர் பெருமாளை நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொள்ள வேண்டாம். இது சோறு குழைகிற குழைவு. பெண்டாட்டி பேசப் பேசக் காது வெந்து குழைந்துபோன புருஷன் ஓட்டுகிற வண்டி என்று பொருள். அந்த ஊரில் பாதிப்பேர் அதைப் பெருமையாகவே ஓட்டினார்கள். லியாவுக்குத்தான் மானம் போயிற்று.

இப்போது ஒரு சாக்கு கிடைத்தது. லியாவ் வேலை பார்த்த தொழிற்சாலைக்கு நார்வே நாட்டிலிருந்து ஹால்வோர் என்ற இன்ஜினியர் வந்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை அவருக்கு ஊர் சுற்றிக் காட்டும் வேலை லியாவ் தலையில் விழுந்தது. ரேடியோ கேட்டு இங்கிலீஷ் கற்றவர் பட்டறையில் அவர் ஒருவர்தான். விருந்தாளி பேரைச் சொல்லி இருக்கையைக் கழற்றிவிட்டால், அப்புறம் அதை மாட்ட மறந்தே போய்விடலாம்.

"என்ன, வண்டிக்கு வைத்தியமா?" என்று கேட்டுக்கொண்டே அவர் மனைவி லியன்யிங் வந்தாள்.

"நாளைக்கு ஹால்வோரைக் கூட்டிட்டுப் போகணும்ல."

"பஸ்ல கூட்டிட்டுப் போங்க."

"அந்தாளு உசரத்துக்கு பஸ் கூரையில ஓட்டை போடணும்."

"டாக்ஸி?"

"கண்ணாடி வழியா வேடிக்கை பாக்க ஊரு என்ன மீன் தொட்டியா?"

"மூணு சக்கர ரிக்‌ஷா?"

"இன்னொருத்தர் மிதிக்க நான் உக்காரமாட்டேன்னுட்டாரு. கொள்கையாம். விடுதியிலேயே சைக்கிள் கேட்டிருக்காரு."

"நல்ல கொள்கை. உங்ககிட்ட ஒண்ணுகூட இல்லையே. சரி, சைக்கிள்தான். நானும் வர்றேன். சீட்டை எதுக்குக் கழட்டுறீங்க?"

தயாராக வைத்திருந்த பொய்யை லியாவ் எடுத்து விட்டார். "ஃபிரேம்ல விரிசல். இனி சீட்டைத் தாங்காது. நடுவழியில ஒடிஞ்சா உனக்குத்தானே அடிபடும்?"

"அடடா! எம்மேல எவ்வளவு அக்கறை! அப்ப உடனே கழட்டிடுங்க."

சண்டைக்குத் தயாராக நின்ற லியாவ் அந்தச் சம்மதத்தை நம்பாமல் இரண்டு தடவை அவள் முகத்தைப் பார்த்தார். ஆனாலும் கழற்றினார்.

ஞாயிறு காலை, விருந்தினர் விடுதி கொடுத்த சைக்கிளில் ஹால்வோர் வந்து இறங்கினார். வாசலில் லியன்யிங் சிவப்பு ஸ்வெட்டர் போட்டு, கழற்றிய இருக்கை மேல் சாய்ந்துகொண்டு நின்றாள். இருக்கையைக் காட்டினாள். அவர் சைக்கிளைக் காட்டினாள். தன்னைக் காட்டினாள். அவ்வளவுதான் பேச்சு. நட்டும் போல்ட்டும் கண்ணில் பட்டதும் அந்த மனிதர் அதைத் தன் சைக்கிளில் மாட்டத் தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"ஐயையோ, விருந்தாளியா மிதிக்கிறது? என் வண்டியிலேயே மாட்டிடுறேன்!" என்று லியாவ் பதறினார்.

"உங்க ஃபிரேம் ஒடிஞ்சிடுமே? எனக்கு அடிபட்டா உங்க மனசு தாங்காதே!"

லியாவ் ஸ்பானரை எடுத்து ஹால்வோரிடம் நீட்டினார். பொய்யும் அவருடையது, ஸ்பானரும் அவருடையது.

ஊர்வலம் கிளம்பியது. லியன்யிங் ஹால்வோரின் இடது சட்டைக்கையை இழுத்தால் வண்டி இடப்பக்கம் திரும்பியது. முதுகில் தட்டினால் நின்றது. ஒருவர் மொழியில் மற்றவருக்கு ஒரு வார்த்தைகூடத் தெரியாத இரண்டு பேர் ஆற்றங்கரை, கோயில், கடைத்தெரு எல்லாம் சிரித்துக்கொண்டே சுற்றினார்கள். மிளகாய் மிதக்கிற நூடுல்ஸ் தின்று ஹால்வோர் கண்ணீர் விட்டபோதுகூட மொழிபெயர்ப்பாளர் தேவைப்படவில்லை.

ஒரே ஒரு தடவை தேவைப்பட்டது. ஒரு தெருமுனையில் பக்கத்துப் பக்கமாக நின்றபோது, இந்த அருமையான வண்டிக்கு என்ன பெயர் என்று ஹால்வோர் கேட்டார்.

"வீரக் கணவர் வண்டி," என்றார் லியாவ் இங்கிலீஷில்.

"என்ன கேக்குறாரு?" என்றாள் லியன்யிங்.

"எந்த வருஷத்து வண்டின்னு."

"பேரு கேட்ட மாதிரி இருந்துச்சே." எட்டி லியாவின் காதைப் பிடித்தாள். வெந்த கிழங்கைப் பதம் பார்ப்பதுபோல இப்படியும் அப்படியும் பிசைந்தாள். "குழை-காது!"

ஹால்வோருக்குப் பளிச்சென்று புரிந்துவிட்டது. தன் காதைத் தானே இழுத்துக்கொண்டு, "நான் குழைகாது! நான் குழைகாது!" என்று கூவியபடியே மிதித்தார். தெரு இரண்டு பக்கமும் நின்று கைதட்டியது.

பின்னால் வந்த லியாவை நாய்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. இருக்கை போன வண்டி பஞ்சாகப் போயிருக்க வேண்டும். போகவில்லை. அந்தக் கடையில் பூசணிக்காய் சொத்தை, இந்தச் சந்தில் போகாதீங்க, அதோ உங்க மேனேஜர் தலையைக் குனிங்க என்று பக்கத்திலிருந்து வரும் பேச்சு இல்லாமல் பெடல் கனத்தது. எவனோ ஒருவனுக்கு அவள் வழி சொல்வதைப் பார்க்கப் பொறுக்காமல் லியாவ் வீணாக மணியடித்தார். இருக்கையை இன்றைக்கே திரும்ப மாட்டிவிட வேண்டும், விரிசல் தானாக ஆறிவிட்டது என்று சொல்லிவிடலாம் என்று தீர்மானித்தார்.

விடுதி வாசலில் ஹால்வோர் ஏதோ நீளமாகச் சொன்னார்.

"என்னவாம்?"

அடுத்த மாதம் அவர் மனைவி வருகிறாளாம். அவளை வைத்து மிதிக்க இந்த இருக்கையைக் கொடுப்பீர்களா என்பதுதான் கேள்வி. லியாவ் அதைத் தலைகீழாக மொழிபெயர்த்தார். "ரொம்ப நன்றி, சீட்டை எடுத்துக்கோங்கன்னு சொல்றாரு."

"எடுத்துக்கோங்கன்னு சொல்றவரு எதுக்குங்க அதைக் கட்டிப் புடிச்சுக்கிட்டிருக்காரு?" லியன்யிங் ஹால்வோரைப் பார்த்துத் தாராளமாகத் தலையாட்டினாள். "அவரே வச்சுக்கட்டும். பாவம், பெண்டாட்டி மேல ஆசை. நம்மகிட்ட இருந்து என்ன பிரயோஜனம்? உங்க ஃபிரேம்தான் தாங்காதே."

"அப்ப நீ எப்படி வீட்டுக்கு வருவே?" என்றார் லியாவ் பரிதாபமாக.

"இப்படித்தான்." அவர் கையிலிருந்த சைக்கிளை வாங்கினாள். ஒரு எட்டு வைத்து ஏறினாள். ஆடவில்லை, அசையவில்லை.

"உனக்கு ஓட்டத் தெரியுமா?"

"இத்தனை வருஷம் பக்கத்துல உக்காந்து என்னத்தைப் பாத்துக்கிட்டிருந்தேன்னு நெனச்சீங்க? பின்னாடி கேரியர்ல ஏறுங்க."

"ஃபிரேம்ல விரிசல்…"

"அது உங்க பொய்யில இருந்த விரிசல். ஏறுங்க."

ஏறினார். பஸ்ஸுக்கும் லாரிக்கும் நடுவே அவள் வளைத்து ஓட்டிய அழகைப் பார்த்து லியாவுக்கு வாய் பிளந்தது. தன்னால்கூட அப்படி முடியாது என்பது புரிந்தது. என் பெண்டாட்டி என்று ஊருக்குக் கேட்கக் கத்தலாம் போலப் பெருமையாக இருந்தது. ஆனால் தெருமுனைத் தேநீர்க்கடை மூங்கில் நாற்காலிகள் மொத்தமும் திரும்பிப் பார்த்ததால், அவள் முதுகுக்குப் பின்னால் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

லியன்யிங் மணியடித்தாள். "காலைக் கொஞ்சம் தூக்கிக்கோங்க. செருப்பு தேஞ்சுபோனா நாளையிலேருந்து எப்படி வேலைக்கு நடந்து போவீங்க?"