சட்டை கழற்றாத விரதம்

அமரவிளை,
ஆடி 9

ஒற்றசேகரமங்கலத்தில் குடும்பத்தோடு நலமாக இருக்கும் தம்பி மோகனனுக்கு அண்ணன் வேலாயுதன் எழுதுவது. இங்கே என் வலது தோளைத் தவிர எல்லாம் சுகம். இடது கையால் எழுதுவதால் எழுத்து கோணும். போனில் சொல்லலாம்தான், ஆனால் நீ ஸ்பீக்கரில் போட்டுப் பேசுகிறவன், பஞ்சாயத்து முழுக்கக் கேட்கும்.

இரண்டு வருஷத்துக்கு முன் என் நெஞ்சில் பேஸ்மேக்கர் வைத்தபோது நீ ஒரு புத்தி சொன்னாய். "அண்ணா, பெண்ணக் கெட்டிக் குடுக்கணும். அப்பனுக்கு நெஞ்சுல கேடுண்ணு தெரிஞ்சா எவன் வருவான்? பழனிக்குப் போனோம்ணு சொல்லுவோம்." சாட்சிக்கு எனக்கு மொட்டையும் போட்டுவிட்டாய். அந்தப் புத்திக்கு நன்றி சொல்லத்தான் இக்கடிதம்.

போன மாதம் வழுக்கி விழுந்து தோளில் தசைநார் கிழிந்ததல்லவா? நெய்யாற்றின்கரையில் டாக்டர் பிந்துஜாவைப் பார்க்கப் புறப்பட்டேன். நம் ஆதிராவைத் தன் மகனுக்குக் கேட்டிருக்கும் தனுவச்சபுரம் சோமன் காரோடு வந்து நின்றார். "சம்பந்தி ஆகப்போறோம், ஒற்றைக்கு விடுவனா?" என்று டாக்டர் அறைக்குள்ளும் வந்து, எனக்கு முன்னால் நாற்காலியில் உட்கார்ந்தார்.

டாக்டர் நல்லவர், தேவைக்கு அதிகமாகவே நல்லவர். தோளில் சின்னத் துளை போட்டு, கேமரா விட்டு, உள்ளே உப்புநீர் ஓட விட்டு, ரேடியோ அலைச் சக்தியில் வேலை செய்யும் பேனா மாதிரிக் கருவியால் கிழிசலைச் சுத்தம் செய்து ரத்தத்தையும் நிறுத்துவார்களாம். அதன் நுனியில் நீர் சூடாகுமாம். ஆகவே நீர் நிற்காமல் ஓட வேண்டும், கருவியை விட்டு விட்டு இயக்க வேண்டும், குருத்தெலும்பைத் தொட்டால் அது வெந்துவிடும், வெளியேறும் நீர் பட்டால் தோலும் பொள்ளும். சோமன் தலையாட்டித் தலையாட்டிக் கேட்டார், தோள் அவருடையது போல. பிறகு டாக்டர் கேட்டார்: "உடம்பில உலோகம், நெஞ்சில பேஸ்மேக்கர் ஏதாவது உண்டா? இந்தச் சக்தி அதைக் குழப்பலாம்."

செக்போஸ்டில் இருபத்தெட்டு வருஷம் லாரிக்காரர்களிடம் "உள்ளே என்ன?" என்று கேட்டவன் நான். தேங்காய்க்கு அடியில் வேறு சரக்கு வைத்திருப்பவன் எப்படிச் சிரிப்பான் என்று தெரியும். அப்படியே சிரித்து, "ஒண்ணும் இல்ல" என்றேன். "எங்க சம்பந்தி இரும்பாக்கும்!" என்றார் சோமன்.

இ.சி.ஜி. எடுக்கச் சட்டையைக் கழற்றச் சொன்னார்கள். பழனியில் நேர்ந்த விரதம், கழற்றமாட்டேன் என்றேன். நர்ஸ் அம்பிளி இடுப்பில் கைவைத்தாள். "மாமா, அம்பலத்திலயே சாமி கும்பிடச் சட்டையக் கழத்திட்டு வாண்ணுதானே சொல்லுவாவ? கழத்தாத விரதம் எந்த ஊர்ல உண்டு?"

கழற்றினேன். அவள் கூப்பிட்டு டாக்டர் வந்தார். நல்லவேளை, சோமன் வெளியே இருந்தார். "அங்கிள், எங்கிட்ட மறைச்சு நீங்க ஜெயிச்சா, தோக்கிறது உங்க நெஞ்சாக்கும்" என்றார் டாக்டர். பேஸ்மேக்கரின் அட்டை வேண்டுமாம்; இதய டாக்டர் அதைப் பார்த்து, மிஷினைச் சரிசெய்து கொடுக்கும்வரை தோளைத் தொடமாட்டாராம். தொடாவிட்டால், பந்தலில் மகளின் கையைப் பிடித்துக் கொடுக்க இந்தக் கை உயராது. விஷயம் வெளியே போனால், பிடித்துக்கொள்ள ஆள் இருக்காது.

அட்டை உன் அலமாரியில் இருக்கிறது. காகிதத்தில் சுற்றி நீயே கொண்டு வா. யாரிடமும் மூச்சு விடாதே.

ஷீஜாவுக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசிகள். இடது கையால் தருவதற்கு மன்னிக்கவும்.

அண்ணன்
வேலாயுதன்

பின்குறிப்பு: கடிதத்தை மடிக்கும் முன்பே உன் மதினி விலாசினி உனக்குப் போன் செய்துவிட்டாளாம். நீயும் அட்டையைப் படம் பிடித்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டாய். போன வாரமே ஆதிரா சோமனை அதில் சேர்த்திருந்தாள். அரை மணியில் கார் வந்தது. சோமன் இறங்கி வந்து சட்டைப் பொத்தானைக் கழற்றினார். இடது பக்கம், அதே தழும்பு. "மூணு வருஷமாச்சு ஓய். தெரிஞ்சா பெண்ணு தரமாட்டீரேண்ணு பேடிச்சுக் கெடந்தேன்." எங்கே போனதாகச் சொன்னீர் என்று கேட்டேன். "சபரிமலை. தாடியும் வளத்தேன்." ஆவணியில் நிச்சயதார்த்தம். நீ அட்டையைப் பஸ்ஸிலேயே எல்லோருக்கும் காட்டிக்கொண்டு வரலாம். மாப்பிள்ளையையும் ஒரு தடவை சட்டை கழற்றிப் பார்த்துவிடலாம் என்கிறாள் விலாசினி.