தனசேகரின் காலி எடை

அன்றைக்கு எங்களுக்கு இருந்தது ஒரே ஒரு வேலைதான். மூன்று பேர், மூன்று பெட்டி. ஜெய்ப்பூரில் விமானம் ஏறி, சென்னையில் இறங்கி, கும்மிடிப்பூண்டிக்கு வந்து சேரவேண்டும்.

இதில் என்ன தப்பு நடந்துவிடப் போகிறது என்று கேட்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அந்த மூன்று பேர் யார் என்று சொல்லிவிடுகிறேன். முதலில் என் மனைவி மல்லிகா. சிப்காட்டில் ஒரு தொழிற்சாலை கேண்டீனில் சமையலைப் பார்த்துக்கொள்கிறவள். ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கான அகில இந்தியத் தடகளப் போட்டியில் குண்டு எறிந்து வெள்ளிப் பதக்கம் வாங்கியவள். அடுத்தது அவள் தம்பி தனசேகர். இரும்பு ஆலையின் எடைமேடையில் லாரிகளை எடை போடுகிறவன். மூன்றாவது நான். முப்பது வருடமாகச் சிறுவர் பக்கத்துக்குக் கதையும் கணக்குப் புதிரும் எழுதுகிறவன்.

கணக்குப் புதிர் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். என் மானம் அங்கேதான் போனது.

போகும்போது ரயிலில் போனோம். ரயில் யாருடைய பெட்டியையும் எடை பார்க்கவில்லை. திரும்பும்போதுதான் விமானம். தனசேகருக்கு லீவு அவ்வளவுதான் கிடைத்தது. மூன்று பேருக்குமே அது முதல் விமானப் பயணம். பெட்டி ஆளுக்குப் பதினைந்து கிலோ என்று டிக்கெட்டில் போட்டிருந்தது. அதற்கு மேல் போனால் ஒவ்வொரு கிலோவுக்கும் அவர்கள் கேட்கும் பணத்தைப் பார்த்துவிட்டு, "இதுக்கு அந்தச் சாமான ஒரு டிக்கெட் எடுத்து ஒக்கார வச்சே கூட்டிக்கினு போலாம் மாமா" என்றான் தனசேகர்.

மல்லிகா ஜெயிக்கிற வரைக்கும் எடை ஒரு பிரச்சினையாகவே இல்லை.

ஜெயித்தவர்களுக்குப் பதக்கத்தோடு நினைவுப் பரிசும் கொடுத்தார்கள். பளிங்குக் கல்லில் செதுக்கிய யானை! சின்ன யானை இல்லை. மல்லிகா இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கிக்கொண்டு வந்தாள். முதல் பரிசு வாங்கிய அம்மாளுக்கு யானையும் குட்டியுமாகக் கொடுத்தார்கள்.

"நல்லவேளக்கா, நீ தங்கம் வாங்கல" என்றான் தனசேகர்.

ஜெயித்த சந்தோஷத்தில் கடைத்தெருவுக்குப் போனோம். கேண்டீன் பெண்களுக்கு மெத்து மெத்தென்று பஞ்சுப் போர்வைகள். தனசேகரின் மனைவிக்கும் இரண்டு பெண்களுக்கும் அரக்கு வளையல், மூக்கு வளைந்த செருப்பு. என் பங்குக்குச் சிறுவர் பக்கத்தில் பரிசு கொடுக்கலாம் என்று தலைப்பாகை கட்டிய பொம்மலாட்டப் பொம்மைகள் ஒரு டஜன்.

இதெல்லாம் போக, குண்டம்மா வேறு.

குண்டம்மா என்பது மல்லிகாவின் பயிற்சிக் குண்டு. மூன்று கிலோ இரும்பு. கேண்டீனுக்கு அடுத்த வார்ப்படப் பட்டறையில் அவளுக்கென்றே வார்த்து, கடைந்து கொடுத்தது. பெயர் வைத்தது கேண்டீன் பெண்கள். ஆயுத பூஜைக்குக் குண்டம்மாவுக்கும் சந்தனம், குங்குமம் உண்டு. போட்டியில் அவர்கள் தரும் குண்டைத்தான் எறியவேண்டும். ஆனாலும் காலையில் குண்டம்மாவை ஒரு முறை எறிந்து பார்க்காமல் மல்லிகா மைதானத்துக்குள் கால் வைக்கமாட்டாள். போட்டியன்று காலையிலும் குங்குமம் வைத்து எறிந்துவிட்டுத்தான் போனாள். வெள்ளி வந்தது. இனி அவளிடம் யார் என்ன சொல்ல முடியும்?

கிளம்புகிற அன்று காலை பெட்டிகளைக் கட்டினோம். எடை தெரியவேண்டுமே!

லாட்ஜ் வாசலில் ஆள் ஏறி நின்று பார்க்கும் எடை மிஷின் ஒன்று இருந்தது. அதன்மேல் பெட்டியை வைத்தால் பெட்டியே முள்ளை மறைத்துக்கொண்டது.

"தள்ளு மாமா. இருபது வருஷமா லாரிய எடை போட்டுக்கினு கீறேன். பொட்டி ஒரு மேட்டரா?" என்று தனசேகர் முன்னால் வந்தான்.

முறை இதுதான். அவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மிஷின்மேல் நிற்பான். வருகிற எடையிலிருந்து அவன் எடையைக் கழித்தால் மீதி பெட்டியின் எடை.

"சரக்கோட லாரி வருதா? மொத்த எடை. அதுல லாரியோட காலி எடையக் கழிச்சா சரக்கு எடை. அவ்ளோதான்! இப்ப நான்தான் லாரி."

ஏறி நின்றான். தொண்ணூற்றிரண்டு.

"என்னோட காலி எடை எழுபத்திரண்டு. பொட்டி இருபது கிலோ. அஞ்சு கிலோ ஓவர் லோடு!"

மல்லிகா கேட்டாள். "டேய் தனா, நீ பொட்டி இல்லாம ஒரு தடவ ஏறி நின்னு பாரேன்டா."

தனசேகர் சிரித்தான். "அக்கா, டெய்லி வர்ற லாரிக்கு ஒவ்வொரு தடவையும் காலி எடை போடுவாங்களா? ஒரு தடவ போட்டா கம்ப்யூட்டர்ல ஏறிடும். அப்புறம் கழிக்கிறதுதான் வேல. எங்க கம்பெனி மெடிக்கல் செக்கப்புல போட்ட எடை இது. டாக்டர் போட்டதுக்கா!"

அவள் என்னைப் பார்த்தாள். நான் காகிதத்தில் கழித்துப் பார்த்தேன். தொண்ணூற்றிரண்டில் எழுபத்திரண்டு போனால் இருபது.

"கழித்தல் சரியாத்தான் இருக்கு, மல்லிகா" என்று தீர்ப்புச் சொன்னேன்.

மற்ற இரண்டு பெட்டிகளும் அதே கதை. மூன்றிலும் அஞ்சஞ்சு கிலோ அதிகம்.

"மூணு பொட்டியும் ஒரே மாதிரி வருது பாரு மாமா. மெஷின் கரெக்ட்டுன்னு அர்த்தம்" என்றான் அவன். அதற்கும் தலையாட்டினேன்!

பிறகு ஆரம்பித்தது சரக்கு இறக்கும் வேலை. உடம்பில் போட்டுக்கொண்டால் எடை கிடையாது என்று தனசேகர் கண்டுபிடித்தான். நான் இரண்டு பேண்ட், மூன்று சட்டை, ஒரு ஸ்வெட்டர் போட்டு, அதன்மேல் ஒரு பஞ்சுப் போர்வையைச் சுற்றிக்கொண்டேன். பொம்மைகளைச் சட்டைக்குள் செருகியதில் கழுத்துப் பக்கம் இரண்டு தலைப்பாகைகள் எட்டிப் பார்த்தன. தனசேகரும் ஒரு ஸ்வெட்டர் மாட்டி, ஒரு போர்வையைச் சுற்றிக்கொண்டு, செருப்புகளைப் பாக்கெட்டுகளில் திணித்தான். வளையல்களை எங்கே வைப்பது? கையில்தான். பெரிய மீசையும், இரண்டு முழங்கை வரைக்கும் அரக்கு வளையலுமாக அவன் வந்து நின்றபோது லாட்ஜ்காரர் எழுந்து நின்று கும்பிட்டார்.

அப்படியும் மல்லிகாவின் பெட்டியில் மூன்று கிலோ குறைய மாட்டேன் என்றது.

"யானைய வுட்டுட்டுப் போலாம்" என்றேன்.

"கேண்டீன் பொண்ணுங்க ஆளுக்குக் கொஞ்சம் டப்பு போட்டுத்தான என்ன அனுப்பிச்சாளுங்க? யானைய வுட்டுட்டு இன்னா மூஞ்ச வச்சிக்கினு அங்க நிக்கறது?" என்றாள் மல்லிகா.

மூன்று கிலோவில் இருந்தது வேறு ஒன்றே ஒன்றுதான். அதை நாங்கள் யாரும் வாயால் சொல்லவில்லை. அவளே பெட்டியைத் திறந்து குண்டம்மாவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். கையில் கொண்டுபோகலாம் என்றால், இரும்புக் குண்டோடு யாரை விமானத்தில் ஏற விடுவார்கள்?

விமான நிலையம் வரைக்கும் காரில் அதை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாள். பதக்கம் வாங்கிய அன்று பூரித்த முகம் இப்படிச் சுருங்கியதைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது. மூன்று சட்டைக்குள் வியர்த்தும் வைத்தது.

இறங்கியதும் குண்டம்மாவைப் புடவைத் தலைப்பால் துடைத்து, இரண்டு கையாலும் டிரைவரிடம் நீட்டினாள். எனக்குத் தெரிந்த இந்தியில், "நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்" என்றேன்.

டிரைவர் பார்த்தார். உருண்டையான கருப்புப் பொருள். மேலே குங்குமம். கொடுப்பவள் கண்ணில் நீர். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு, வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போய்விட்டார்!

உள்ளே போனோம். கவுண்டரில் ஒரு பெண் இருந்தாள். எங்கள் மூவரையும் பார்த்து ஒரு நொடி யோசித்துவிட்டு வேலையைத் தொடர்ந்தாள். மல்லிகாவின் பெட்டியை வைத்தோம்.

பத்து கிலோ.

என் பெட்டி. பத்து. தனசேகர் பெட்டி. பத்து.

"நீங்கள் இன்னும் ஆளுக்கு ஐந்து கிலோ வைக்கலாம் சார்" என்றாள் அந்தப் பெண் ஆங்கிலத்தில். என் கழுத்துப் பக்கம் எட்டிப் பார்த்த பொம்மையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"இன்னா சொல்லுது அந்தப் பொண்ணு?" என்று மல்லிகா கேட்டாள்.

நான் தமிழில் சொன்னேன்.

தனசேகர் விடவில்லை. "மாமா, இந்த மெஷின் தப்பு! சீல் வச்சிருக்காங்களான்னு கேளு. எங்க மேடைக்கு வருஷா வருஷம் ஆபீசர் வந்து முத்திரை போடுவாரு. என்னோட எடை எழுபத்திரண்டு. இப்ப இதுல எவ்ளோ காட்டுதுன்னு பாரு."

சொன்னவன் போர்வையை உதறினான். ஸ்வெட்டர், செருப்பு எல்லாம் தரையில் விழுந்தன. ஒற்றைச் சட்டையும் வளையலுமாகப் பெட்டி வைக்கிற இடத்தில் ஏறி நின்றான்.

எழுபத்தேழு.

"சார், இறங்குங்கள்" என்றாள் அந்தப் பெண்.

"டேய்!" என்றாள் மல்லிகா. "அந்த மெடிக்கல் செக்கப்பு எப்படா எடுத்த?"

தனசேகர் வளையலை ஒதுக்கிவிட்டுத் தலையைச் சொறிந்தான்.

"ஆயுத பூஜைக்கு முன்னாடிக்கா."

நாங்கள் நின்றுகொண்டிருந்தது பொங்கல் முடிந்த தை மாதத்தில். நடுவில் ஒரு தீபாவளி போயிருந்தது. அவன் வீட்டுக்கு எதிர்வீட்டில் கிறிஸ்துமஸ் பிரியாணி. பொங்கல் கறிக்குழம்பு. அதற்குமேல் ஒரு வாரமாக ஜெய்ப்பூரில் நாஷ்டாவுக்கு நாலு, சாயங்காலம் நாலு என்று நெய்யில் மிதந்த கச்சோரி. அந்த ஐந்து கிலோவைத்தான் மூன்று பெட்டியிலும் மூன்று முறை எடை போட்டிருக்கிறோம்!

"உன் தொப்பைக்காடா என் குண்டம்மாவ வுட்டுட்டு வந்தேன்?"

அவள் குரலில் கண்ணீர் காய்ந்து வேறு ஏதோ வந்துவிட்டது. தனசேகர் எனக்குப் பின்னால் ஒளிந்தான்.

"இன்னாங்க, நீங்க முப்பது வருஷமா கணக்குப் போடறீங்களே, உங்களுக்குமா தெரியல?"

எனக்குப் பின்னால் ஒளிய யாருமில்லை. டிரைவருக்குப் போன் போட்டேன்.

கவுண்டர் மூடுவதற்குள் வருவாரா? நான் வாசலுக்கும் கவுண்டருக்கும் நடந்தேன். இரண்டு பேண்டோடு வேகமாக நடப்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

வந்துவிட்டார்! குண்டம்மாவின் கழுத்தில், அதாவது கழுத்து இருக்கவேண்டிய இடத்தில், சாமந்தி மாலை. அதற்குள் காரின் முன்பக்கம் வைத்துப் பூஜையே முடித்திருக்கிறார். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் அவர். இந்தப் பக்கம் நாங்கள். நடுவில் துப்பாக்கியோடு காவலர். குண்டம்மா காவலர் கைக்குப் போனாள்.

இது என்ன என்று கேட்டார். எனக்கு இந்தியில் குண்டு எறிதலுக்குச் சொல் தெரியாது. குண்டு என்று மட்டும் எப்படியாவது சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். விமான நிலையத்தில் அந்த ஒரு சொல்லை மட்டும் சொல்லக் கூடாது என்று கடைசி நொடியில் புத்தி வந்து, வாயை மூடிக்கொண்டேன். என் வாழ்க்கையில் நான் செய்த ஒரே சரியான கழித்தல் அதுதான்.

"நகருங்க" என்றாள் மல்லிகா.

புடவைத் தலைப்பை இடுப்பில் செருகினாள். பையிலிருந்து வெள்ளிப் பதக்கத்தை எடுத்துக் கழுத்தில் போட்டாள். வெறுங்கையைத் தாடைக்குக் கீழே வைத்து, ஒரு காலை மடக்கி, பின்பக்கமாகச் சறுக்கி, உடம்பைத் திருப்பி, "ஹேய்!" என்று ஒரு சத்தம்!

தள்ளுவண்டி தள்ளியவர்கள் எல்லாம் நின்றுவிட்டார்கள். காவலர் தன்னையறியாமல் இல்லாத குண்டு எங்கே விழுகிறது என்று பார்த்தார். யாரோ கைதட்டினார்கள். உடனே எல்லோரும் தட்டினார்கள். காவலர் குண்டம்மாவைத் தூக்கி, தன் தாடைக்குக் கீழே ஒருமுறை வைத்துப் பார்த்துச் சிரித்தார். பிறகு அவருடைய மேலதிகாரி வந்து பார்த்தார். இயந்திரத்துக்குள் விட்டுப் பார்த்தார்கள். பெட்டியில் போட்டு அனுப்பலாம் என்று கவுண்டர் பெண்ணே வந்து சொன்னாள். மாலையை மட்டும் டிரைவர் திருப்பி வாங்கிக்கொண்டார்.

குண்டம்மா பெட்டிக்குள் யானைக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

பதிமூன்று கிலோ.

"பாத்தியாக்கா, இன்னும் ரெண்டு கிலோ மிச்சம் கீது" என்றான் தனசேகர். "ஒரு பார்சல் கச்சோரி..."

மல்லிகா திரும்பிப் பார்த்தாள். அவன் அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. சென்னை வந்து சேரும் வரைக்கும் முடிக்கவில்லை. வளையல்களும் கையில் இறுகிக் கழலாமல், வீட்டில் சோப்பு போட்டுத்தான் கழற்றினார்களாம். சோப்பு போட அக்கா மட்டும் வரவேண்டாம் என்று அழுதானாம்.

யானை இப்போது கேண்டீனில் சாம்பார் வாளிக்கு மேல் அலமாரியில் நிற்கிறது. குண்டம்மா தினமும் காலையில் மைதானத்துக்குப் போய்வருகிறாள்.

அடுத்த இதழின் சிறுவர் பக்கத்துக்கு இதையே கணக்குப் புதிராகப் போட்டேன். "லாரிக்குச் சரியாக வந்த கணக்கு, தனசேகர் மாமாவுக்கு மட்டும் ஏன் தப்பாகப் போனது?" விடையை வழக்கம்போலப் பக்கத்தின் அடியில் தலைகீழாக அச்சிட்டோம்:

லாரி கச்சோரி சாப்பிடாது.