காரணம் எழுதாத சீட்டு

அந்தப் பல் செட்டு இரண்டாம் முறையாகத் திரும்பி வந்தபோதும், பெட்டிக்குள் இருந்த சீட்டில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

பல்லுக்காரர் சீட்டைத் திருப்பிப் பார்த்தார். பின்புறமும் வெள்ளை. ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். காகிதத்தின் நார் தெரிந்ததே தவிர, காரணம் தெரியவில்லை.

“என்ன சார், கள்ள நோட்டைப் பார்க்கிற மாதிரி பார்க்கறீங்க?” என்று சிரித்தார் பெட்டி கொண்டுவந்த சைக்கிள்காரர்.

சொல்ல வேண்டிய பதில், சைக்கிள்காரர் தெருமுனையைத் தாண்டிய பிறகுதான் பல்லுக்காரருக்குள் உருவானது. மிக நல்ல பதில். அதைக் கேட்காமல் போய்விட்டாரே என்று சைக்கிள்காரர்மேலும் ஒரு கோபம் வந்து சேர்ந்தது.

அந்தப் பட்டறையின் பின்னறையில் பதினோரு ஆண்டுகளாக அவர் பல் செட்டு செய்துவருகிறார். டாக்டர்கள் வாயின் அச்சை எடுத்து அனுப்புவார்கள். அதைக் கீல் வைத்த பித்தளைத் தாடையில் பொருத்தி, மெழுகில் ஈறு அமைத்து, ஒவ்வொரு பல்லாகப் பதித்து, மெருகேற்றிப் பெட்டியில் வைப்பார். ஆயிரக்கணக்கான வாய்கள் அவர் கையில் தவழ்ந்திருக்கின்றன. ஒரு வாயோடும் அவர் பேசியதில்லை. அந்த வேலையில் அவருக்குப் பிடித்ததே அதுதான்: மனிதர்களின் வாய், மனிதர்கள் இல்லாமல் வந்துசேரும்.

செட்டில் குறை இருந்தால் திருப்பி அனுப்புவார்கள். அதில் அவமானம் ஏதுமில்லை. சீட்டில் ஒரு சொல் இருக்கும்: உரசல், ஆட்டம், உயரம், நிறம். அந்த ஒரு சொல்லைப் பார்த்ததும் அரத்தை எடுத்துவிடுவார். சொல்லே இல்லாமல் சீட்டு வந்தது இந்தச் செட்டோடுதான். போன வாரம் முதலில் வந்தபோது, மறந்திருப்பார்கள் என்று எண்ணி, தாமாகவே உயரத்தை மயிரிழை குறைத்து அனுப்பினார். இப்போது மறுபடியும் வெள்ளைச் சீட்டு.

‘மறதி இல்லை. குறையைச் சொல்லுமளவுக்குக்கூட நான் லாயக்கில்லை என்று அந்த டாக்டர் நினைக்கிறார்’ என்று பல்லுக்காரர் முடிவு செய்தார்.

முன் கவுண்டரிலிருந்து முதலாளியின் குரல் வந்தது.

“என்னய்யா, மறுபடியும் வந்துடுச்சா?”

“ம்.”

“என்ன குறையாம்?”

“போடலை.”

“போடலைன்னா போனைப் போட்டுக் கேளு! வாயைத் தைச்சா வெச்சிருக்கு? நமக்குப் பாதி வேலை அந்த கிளினிக்லேர்ந்துதான் வருது. இன்னும் ஒரு தடவை, ரெண்டு தடவை பார்ப்பேன். அப்புறம் பின்னாடிக்கு வேற ஆளைப் போட்டுட்டு, உன்னை இந்தக் கவுண்டர்ல உட்கார வெச்சிடுவேன். வர்றவங்களை வாங்கன்னு சொல்லி, போனை எடுத்து, நாலு மனுஷங்களோட பேசிப் பழகு.”

பல்லுக்காரர் கவுண்டர் பக்கம் திரும்பிப் பார்த்தார். கவுண்டரில் நாள் முழுவதும் கதவு திறக்கும். திறக்கும்போதெல்லாம் ஒரு முகம் வரும். முகம் வந்தால் சிரிக்க வேண்டும்.

அன்று மாலை அவர் மனைவி கையோடு தொலைபேசியை எடுத்து வந்து நீட்டினார்.

“ஏங்க, அந்த டாக்டருக்கு ஒரு போன் போட்டா என்ன குறைஞ்சு போயிடுவீங்க?”

“போட்டு?”

“என்ன குறைன்னு கேளுங்க.”

“கேட்டா, ‘இது கூடவா தெரியலை’ன்னு நினைப்பாரு.”

“நினைச்சுட்டுப் போகட்டும்.”

“நினைச்சுட்டுப் போக மாட்டாரு. மத்த டாக்டருங்ககிட்டச் சொல்லுவாரு. அவங்க எல்லாரும் இத்தனை வருஷமா நான் செஞ்சதையெல்லாம் எடுத்துப் பார்ப்பாங்க. பார்க்கணும்னு பார்த்தா எதுலதான் குறை இருக்காது?”

“அப்ப கேக்காதீங்க.”

“கேக்கலைன்னா திமிர்னு நினைப்பாரு.”

“எப்படியும் ஒண்ணு நினைக்கத்தான் போறாரு. அதுல எது உங்களுக்குப் பிடிச்சிருக்குன்னு சொல்லுங்க, எனக்கு அடுப்புல வேலை இருக்கு.”

தொலைபேசியை மேசைமேல் வைத்துவிட்டு அவர் போய்விட்டார். பல்லுக்காரர் அதைத் தேளைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார்.

காட்டில் ஒரு முள்ளம்பன்றி இருந்ததாம். வெளியே நீட்டினால் பிறர் என்ன நினைப்பார்களோ என்று தன் முட்களையெல்லாம் உட்புறமாக வளர்த்துக்கொண்டதாம். புலிக்கு ஒரு கீறல் இல்லை. நரிக்கு ஒரு கீறல் இல்லை. முள்ளம்பன்றி மட்டும் நாளெல்லாம் ‘ஐயோ, ஐயோ’ என்று ஓடிக்கொண்டிருந்ததாம். பல்லுக்காரரின் கோபமும் அந்தச் சாதியைச் சேர்ந்தது.

தொலைபேசியில் பேசாத சண்டையை அவர் மனத்துக்குள் பேசினார். மறுநாள் காலை வேலைக்குக் கிளம்பும்போது, டாக்டரின் வசனத்தையும் தம் வசனத்தையும் தாமே சொல்லிக்கொண்டு படியிறங்கினார். கற்பனை என்றாலும் நியாயம் தவறக் கூடாது என்று, டாக்டருக்கும் சில நல்ல பதில்களைக் கொடுத்திருந்தார். மூன்றாம் படியில் டாக்டர், “உங்களுக்குக் கை நடுங்க ஆரம்பிச்சிடுச்சு போலிருக்கே” என்றார். தாமே எழுதிக் கொடுத்த அந்த வாக்கியத்தைக் கேட்டதும் பல்லுக்காரருக்கு ரத்தம் கொதித்தது.

அந்த நேரம் பார்த்துக் கீழ்வீட்டு வாத்தியக்காரர் கதவைத் திறந்து, “என்ன சார், வேலைக்கா?” என்று அன்போடு கேட்டார்.

“உன் யோக்கியதை எனக்குத் தெரியும்யா!” என்றார் பல்லுக்காரர்.

குடிவந்த நாளிலிருந்து அவர் அந்தக் கட்டடத்தில் உரக்கப் பேசிய முதல் வாக்கியம் அது.

வாத்தியக்காரர் வெலவெலத்துப் போனார். “என்... என் யோக்கியதைக்கு என்ன சார்?”

ஒரு மன்னிப்பு, ஒரு சிரிப்பு, விஷயம் முடிந்திருக்கும். ஆனால் மன்னிப்புக் கேட்டால் காரணம் சொல்ல வேண்டும். காரணம் சொன்னால் பல் செட்டைச் சொல்ல வேண்டும். பல் செட்டைச் சொன்னால் ‘அதுக்கு ஒரு போன் போட்டுக் கேக்கலாமே’ என்பார். பல்லுக்காரர் குனிந்த தலையோடு வெளியேறினார். மறுநாளிலிருந்து குப்பைத்தொட்டிகள் நிற்கும் பின்படி வழியாகப் போய்வந்தார். ஊரார் கண்ணுக்கு அது சண்டையை உறுதிப்படுத்தியது.

அடுத்த மூன்று நாளில் அவர் செட்டை முழுக்கப் புதிதாகச் செய்தார். அந்த அச்சை அவர் கவனித்ததுபோல் தாயும் தன் குழந்தையைக் கவனித்திருக்க மாட்டாள். கீழ் ஈற்றின் இடப்பக்கம் ஒரு சின்ன மேடு. அதற்காக உள்ளே ஒரு சின்னப் பள்ளம். முன்பற்களில் ஒன்றை ஒரு நூலளவு சாய்த்து வைத்தார். ஒரே வரிசையாக இருந்தால் பொய்ப்பல் என்று தெரிந்துவிடும். விரலால் தடவினால் மீன்குஞ்சுபோல் வழுக்கியது.

பெட்டியில் வைத்தபின் சீட்டை எடுத்தார். இம்முறை கேட்டே விடுவது என்று முடிவு செய்திருந்தார். ‘மதிப்பிற்குரிய டாக்டர் அவர்களுக்கு’ என்று தொடங்கினார். மதிப்பு இல்லாத இடத்தில் மதிப்பிற்குரிய எதற்கு என்று கிழித்தார். ‘டாக்டருக்கு’ என்று தொடங்கினார். மொட்டையாக இருந்தது; கிழித்தார். ‘குறை என்ன?’ என்று எழுதினார். குறை இருப்பதை ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும், கிழித்தார். மாலையில் சைக்கிள்காரர் மணியடித்து அவசரப்படுத்தியபோது, கடைசிச் சீட்டில் மிஞ்சியது ஒரு குறி மட்டும்:

?

இரண்டு நாளில் செட்டு மூன்றாம் முறையாகத் திரும்பி வந்தது. சீட்டில், அவருடைய கேள்விக்குறிக்குப் பக்கத்தில், டாக்டரின் பேனாவால் இன்னும் இரண்டு:

??

பல்லுக்காரரின் கடைவாய்ப் பற்கள் நறநறவென்று ஒன்றையொன்று அரைத்தன. கேலி! பட்டப்பகலில், மையில் எழுதிய கேலி! ‘நீ கேட்டால் நான் இரண்டு மடங்கு கேட்பேன்’ என்கிறான். ‘நீ யார் என்னைக் கேட்க’ என்கிறான். அரை மணி நேரத்தில் அந்த இரண்டு குறிகளுக்கு ஒன்பது அர்த்தங்கள் கண்டுபிடித்தார். ஒன்பதும் அவமானம்.

முதலாளி பின்னறை வாசலில் வந்து நின்றார்.

“இதான் கடைசி. நாளைக்குக் காலையில மெருகு போட்டு அனுப்பு. மறுபடி வந்துச்சு, கவுண்டர்தான். ஒரு நல்ல சட்டையா தைச்சு வெச்சுக்கோ.”

பெட்டி காலையில் போயிற்று. மதியம்வரை பல்லுக்காரர் வெறும் மேசையை முறைத்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்தார். பதினோரு ஆண்டுகளில் முதல் முறையாக, ஒரு வாயைத் தேடித் தாமே கிளம்பினார்.

வழியெல்லாம் ஒரே வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்தார். “டாக்டர், குறை இருந்தா சொல்லுங்க, இல்லைன்னா திருப்பி அனுப்பாதீங்க.” இருபது தடவை, முப்பது தடவை. கிளினிக் கதவைத் தள்ளும்போது அது நாக்கின் நுனியில் கூர்மையாக நின்றது.

“வாங்க சார். பல் வலியா?” என்றார் வரவேற்பு மேசைப் பெண்.

வாக்கியம் டாக்டருக்காகச் செய்தது. இந்தப் பெண்ணுக்கு அவரிடம் வாக்கியம் இல்லை. பல்லுக்காரர் தலையாட்டினார்.

“எந்தப் பக்கம்?”

அவர் கை தானாக வலக் கன்னத்தைத் தொட்டது. பத்து நாளாக அங்கே உண்மையாகவே வலித்துக்கொண்டிருந்தது.

“உட்காருங்க, கூப்பிடறேன்.”

பெஞ்சில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். வாய் உள்ளடங்கிக் கன்னம் குழிந்திருந்தது. பக்கத்தில் அவருடைய மருமகள் யாருடனோ தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தார். பெரியவர் நகர்ந்து இடம் கொடுத்தார். ‘என்ன வலி’ என்று கேட்கவில்லை. ‘எந்த ஏரியா’ என்று கேட்கவில்லை. கால் மணி நேரம் இருவரும் எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இந்தப் பத்து நாளில் பல்லுக்காரருக்குக் கோபம் வராத ஒரே மனிதர் அவர்தான்.

பிறகு டாக்டர் அழைத்தார். நாற்காலி சாய்ந்தது, விளக்கு எரிந்தது. பல்லுக்காரர் வாக்கியத்தைச் சொல்ல வாயைத் திறந்தார். திறந்த வாய்க்குள் டாக்டர் கண்ணாடியையும் இரண்டு விரலையும் விட்டார்.

“அடடா! கடைவாய்ப் பல்லு ரெண்டாப் பிளந்திருக்கே. நாள் பூரா பல்லை நறநறன்னு கடிக்கிறீங்களா? அப்படி யார் மேல சார் இவ்வளவு கோபம்?”

‘உங்கள்மேல்’ என்ற சொல் விரல்களுக்குப் பின்னால் சிக்கிக்கொண்டது.

“எடுத்துட வேண்டியதுதான். பயப்படாதீங்க, தெரியவே தெரியாது.”

மரத்துப்போகும் ஊசி, ஒரு நெறிப்பு, ஓர் இழுப்பு. சண்டை போட வந்த பகைவனிடம் ஒரு பல்லைக் கொடுத்துவிட்டு, பஞ்சைக் கடித்துக்கொண்டு பல்லுக்காரர் எழுந்தார்.

“அரை மணி நேரம் வெளியில உட்காருங்க. வாயைத் திறக்கக் கூடாது. ஒரு வார்த்தை பேசக் கூடாது” என்றார் டாக்டர்.

வாழ்நாளில் ஒரே ஒரு தடவை பேச வேண்டும் என்று கிளம்பி வந்த நாளில், பேசாதே என்பது மருத்துவ உத்தரவாகவே ஆகிவிட்டது. அவர் பெஞ்சில் போய் உட்கார்ந்தார். பெரியவரை உள்ளே அழைத்தார்கள். கதவு திறந்தே இருந்தது.

டாக்டர் ஒரு பெட்டியைத் திறந்தார். பல்லுக்காரர் கழுத்தை நீட்டிப் பார்த்தார். அது அவருடைய பெட்டி. அந்தச் சாய்ந்த முன்பல், அவருடைய பல். அது பெரியவர் வாய்க்குள் போய், உறைக்குள் கத்திபோல் அமர்ந்தது. குழிந்த கன்னம் நிரம்பிற்று. ஓர் இழை உரசல் இல்லை, ஆட்டம் இல்லை.

“கடிங்க பெரியவரே. எங்கயாவது உரசுதா?”

பெரியவர் தோளைக் குலுக்கினார்.

“ஆடுதா? வலிக்குதா?”

பெரியவர் செட்டைக் கழற்றி டாக்டரின் உள்ளங்கையில் வைத்துவிட்டு, ‘வேண்டாம்’ என்று கையை அசைத்தார்.

“மாமா! என்னன்னு வாயைத் திறந்து சொன்னாத்தானே தெரியும்!” என்றார் வாசலில் நின்றிருந்த மருமகள்.

“நானும் ஒவ்வொரு தடவையும் கேக்கறேம்மா” என்றார் டாக்டர். “அவர் சொன்னாத்தானே நான் சீட்டுல எழுத முடியும்? வெறும் சீட்டாவே அனுப்பினேன். செய்யறவராவது போன் பண்ணிக் கேப்பாருன்னு பார்த்தா, கேள்விக்குறி போட்டு அனுப்பறாரு. எனக்கும்தான் புரியலைன்னு ரெண்டு போட்டு அனுப்பினேன். இனிமே பொறுக்க முடியாது.”

அவர் தொலைபேசியை எடுத்தார். “ஹலோ, முதலாளியா? நாலாவது தடவையும் ஆகலைங்க... ஆமா, வேற ஆளை வெச்சுச் செய்யுங்க... அப்படியா? சரி, சரி.” வைத்துவிட்டு மருமகளிடம் திரும்பினார். “முடிஞ்சுதும்மா. நாளையிலேர்ந்து வேற ஆளாம். பழைய ஆளை முன்னாடி கவுண்டர்ல உட்கார வெச்சிடப் போறாராம். உள்ள வாங்க, புது அளவுக்குத் தேதி குறிச்சுடலாம்.”

பல்லுக்காரர் துள்ளி எழுந்தார். பத்து நாள் கோபம் மொத்தமும் தொண்டைக்கு வந்தது.

“ம்ம்ம்! ம்ம்ம்ம்!”

“சார், பேசாதீங்க! ரத்தம் வரும்!” என்று வரவேற்பு மேசைப் பெண் அதட்டினார்.

பெரியவர் வெளியே வந்து, அவர் கையைப் பிடித்து மெல்லப் பெஞ்சில் உட்கார வைத்தார். மருமகள் உள்ளே இருப்பதை ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு, பொக்கை வாயை அவர் காதருகே கொண்டுவந்தார்.

“உன்னைப் பார்த்தா என்னை மாதிரியே வாயைத் திறக்காத ஆளாத் தெரியுது தம்பி, அதான் உன்கிட்ட மட்டும் சொல்றேன்: முதல் தடவையே கச்சிதமாத்தான் இருந்துச்சு, ஆனா பல்லு வந்துட்டா வீட்டுல எல்லார்கூடவும் பேச வேண்டி வருமே!”