டஸ்டி கால்டனை ஒழிக்க ஒரு விருந்து

டஸ்டி கால்டனை ஒழித்துக்கட்டுவது என்று ஒரேஸ்தே முடிவெடுத்தபோது அவன் முகத்தில் பாதி சவரம்தான் ஆகியிருந்தது. மீதிப் பாதியில் நுரை, கையில் கத்தி, கண்ணில் கொலைவெறி. ஆனால் ஒழிக்கப்பட வேண்டியவன் கௌபாய் படத்துக் கதாநாயகன். அவனை ஒழிப்பது லேசுப்பட்ட காரியமா? படத்துக்குப் படம் ஒரு பட்டாளமே சுற்றி நின்று சுடும். புகை அடங்கியதும் தொப்பியில் ஒரு ஓட்டையோடு, பல்லிடுக்கில் வைக்கோல் குச்சியோடு எழுந்து நிற்பான்.

ஆத்திரத்துக்குக் காரணம் அடுப்படியிலிருந்து வந்த ஒரு பெருமூச்சு. விட்டவள் எர்சிலியா, அவன் பெண்டாட்டி. வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். வெங்காயம் நறுக்கினால் கண்ணீர் வரும், பெருமூச்சு எப்படி வரும்? அதுவும் தெருமூலைத் தியேட்டரில் புதுப்படம் பார்த்துவிட்டு வந்த மறுநாள் காலையில்?

"என்ன பெருமூச்சு?" என்றான் நுரைக்குள்ளிருந்து.

"ஒண்ணுமில்ல. அவன் குதிரைல ஏறிப் போறப்போ திரும்பிப் பாத்தான் பாரு, அதை நெனச்சேன்."

"யாரைப் பாத்தான்?"

"என்னைத்தான் பாத்த மாதிரி இருந்துச்சு."

கத்தி வழுக்கியது. அன்று பூராவும் ஒரேஸ்தே தாடையில் காகிதத் துண்டை ஒட்டிக்கொண்டு அலைந்தான்.

அவன் வயிற்றெரிச்சல் மற்ற புருஷன்மார்களின் வயிற்றெரிச்சல் போன்றதல்ல. அவன் வேலை அப்படி. ரோமில் அந்தக் காலத்தில் கௌபாய் படம் எடுக்கும்போது யாரும் சத்தத்தைப் பதிவு பண்ணுவதில்லை. நடிகர்கள் வாயை அசைத்தால் போதும். ஒருவன் ஸ்பானிஷில் பேசுவான், ஒருவன் ஜெர்மனில் பேசுவான், வசனம் மறந்தவன் ஒன்று இரண்டு மூன்று என்று எண்ணிக்கொண்டே முறைப்பான். அப்புறம் ஓர் இருட்டுக் கூடத்தில் எல்லார் வாயிலும் நல்ல இத்தாலியக் குரலாகப் பார்த்து ஒட்டிவிடுவார்கள். டப்பிங் என்றால் சும்மாவா, ஊமையையும் பாட வைக்கும். மனிதக் குரல் போக மிச்சமிருக்கும் சத்தமெல்லாம் ஒரேஸ்தேயின் இலாகா. குதிரை ஓடினால் அவன் கையில் தேங்காய்ச் சிரட்டை. சேணம் கிரீச்சிட்டால் அவன் முறுக்கும் பழைய தோல்பை. யாருக்காவது கன்னத்தில் அறை விழுந்தால் அவன் தன் தொடையில் தானே பளாரென்று அறைந்துகொள்ள வேண்டும். சண்டை அதிகமுள்ள படமென்றால் அந்த வாரம் முழுக்க நொண்டுவான்.

ஆக, எர்சிலியாவைத் திரும்பிப் பார்த்துவிட்டு அந்தப் பாவி ஏறிப்போன குதிரையே ஒரேஸ்தேதான். அடி வாங்கியது இவன் தொடை, பெருமூச்சு வாங்கியது அவன். இதைப் பொறுத்துக்கொள்ள ஒரேஸ்தே என்ன புனிதரா?

முதலில் படத்தையே ஒழித்துப் பார்த்தான். அடுத்த வியாழக்கிழமை தானும் கூடவே கிளம்பிப் போய் அவள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தான். தியேட்டரில் ஒரே ரகளை. உப்பில் ஊறிய பருப்பைக் கொறித்துக்கொண்டு, தோலை முன்வரிசைத் தலைகள்மேல் துப்பிக்கொண்டு, பாறைக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறவனைப் பற்றிக் கதாநாயகனுக்கு ஊரே எச்சரிக்கை கொடுத்துக்கொண்டிருந்தது. ஒரேஸ்தே மனைவியின் காதோடு காதாக உண்மைகளை ஓதினான். மெக்ஸிகோ என்று காட்டுகிறார்களே, அது நம் ஊருக்கு வெளியே மணல் அள்ளுகிற பள்ளம். அந்தக் கள்ளிச்செடி காகிதக் கூழ், பார், காற்றடித்ததும் உருண்டு போகிறது. இப்போது செத்தானே தாடிக்காரன், அவன் தாடியை எடுத்துவிட்டு அடுத்த காட்சியிலும் வந்து சாவான். கொள்ளைக்காரன் மணிக்கட்டைப் பார், கைக்கடிகாரம் கட்டியிருக்கிறான்.

பின்வரிசையிலிருந்து ஒரு பெரியவர், படத்தைப் பார்க்க விடுகிறாயா அல்லது உன்னைத் தூக்கி அந்தப் பள்ளத்தில் போடட்டுமா என்று கேட்டார். எர்சிலியா அவர் பக்கம் சேர்ந்துகொண்டாள். வீட்டுக்கு நடக்கும்போதுதான் பதில் சொன்னாள்.

"பொய்னு எனக்குத் தெரியாதா ஒரேஸ்தே? உண்மைதான் வீட்லயே இருக்கே, தொந்தியோட. அதைப் பாக்கவா டிக்கெட் வாங்குவாங்க?"

தொந்தி என்ற சொல் நெஞ்சில் தைத்துவிட்டது. அந்த வாரம் ராத்திரிச் சாப்பாட்டில் ரொட்டியைக் குறைத்தான். ஒன்றும் குறையவில்லை, கோபம்தான் கூடியது.

அடுத்ததாகக் கதாநாயகனின் ஜாதகத்தை எடுத்துவிட்டான். டஸ்டி கால்டனாம், டெக்ஸாஸாம். நிஜப் பெயர் செத்திமியோ, பக்கத்து மலையூரில் ஒயின் கடைக்காரன் மகன். குதிரையைக் கண்டால் அவனுக்குத் தும்மல் வரும். ஏறுவதற்கு ஸ்டூல் போட வேண்டும், இறங்குவதற்கு ரெண்டு ஆள் பிடிக்க வேண்டும். சுவரொட்டியில் அமெரிக்கப் பெயர் இருந்தால்தான் நம் ஜனங்கள் டிக்கெட் எடுக்கும் என்று படமுதலாளி வைத்த பேர் அது. இதையெல்லாம் சாப்பாட்டு மேசையில் ஆதாரத்தோடு அடுக்கினான். எர்சிலியா தட்டைத் துடைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். பேர் எப்படியிருந்தால் என்ன, ஸ்டூல் போட்டு ஏறினால்தான் என்ன, ஏறின பிறகு பார்க்க நன்றாக இருக்கிறதல்லவா என்றாள். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"மூஞ்சியை விடு. அந்தக் குரல் இருக்கே. 'எனக்கு அவசரமில்லே'ன்னு சொல்றப்போ எனக்கு முழங்காலே விட்டுப்போகுது."

ஒரேஸ்தேவுக்குக் காதில் புகை வந்தது. கூடவே ஒரு யோசனையும் வந்தது. ஏமாளிகளுக்கு யோசனை அப்படித்தான் வரும், தட்டில் வைத்து நீட்டினாற்போல.

"அது அவன் குரலே இல்ல, தெரியுமா?"

"அப்படியா?" என்றாள் எர்சிலியா. கண் அகல விரிந்தது. "அப்ப யாரோடது?"

"அமேதேயோன்னு ஒருத்தன். அவனை நீ நேர்ல பாத்தேன்னு வெச்சுக்க, இனிமே ஜென்மத்துக்கும் பெருமூச்சு விட மாட்டே."

"பாக்காம எப்படிச் சொல்றது?" என்று சொல்லிவிட்டு அவள் தட்டை அலமாரியில் வைக்கப் போய்விட்டாள்.

அமேதேயோவை ஒரேஸ்தே தினமும் பார்க்கிறவன். குள்ளம். உருண்டை. தலையில் மருந்துக்குக்கூட மயிர் கிடையாது. தொண்டைக்குக் காற்றுப் படக்கூடாதென்று கொளுத்துகிற வெயிலிலும் கம்பளிக் கழுத்துத்துணி. மைக் எட்டாமல் ஒரு மரப்பெட்டியின்மேல் ஏறி நின்றுதான் ஊரையே நடுங்க வைக்கும் வசனங்களைப் பேசுவான். இந்த உருவத்தை மட்டும் எர்சிலியா ஒருமுறை பார்த்துவிட்டால் போதும், இனி திரையில் டஸ்டி கால்டன் வாயைத் திறக்கும்போதெல்லாம் மரப்பெட்டிதான் நினைவுக்கு வரும், காதல் தானே கழன்றுவிடும் என்று ஒரேஸ்தே கணக்குப் போட்டான். ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு வரச் சொன்னான். ஓசிச் சாப்பாடு என்றதும் அமேதேயோ மெனு என்ன என்றுகூடக் கேட்கவில்லை.

ஞாயிறன்று எர்சிலியா காலையிலேயே மாவு பிசைந்து பாஸ்தா இழுத்தாள். கோழி ஈரல் போட்ட சாறு கொதித்தது. நீலப் பூப்போட்ட உடையை உடுத்தினாள். எதற்கு இத்தனை தடபுடல் என்று ஒரேஸ்தே கேட்டான். வீட்டுக்கு வருகிறவர்களுக்கு மரியாதை என்றாள். மரியாதைக்கு லிப்ஸ்டிக் எதற்கு என்று அவன் மறுபடி கேட்கவில்லை. இன்னும் கொஞ்ச நேரத்தில் எல்லாம் வடிந்துவிடும், பாவம் என்று மனசுக்குள் சிரித்துக்கொண்டான்.

அமேதேயோ வந்தான். மூச்சு வாங்கிற்று, மாடிப்படி ஏறிய களைப்பு. கழுத்துத்துணியைக்கூட அவிழ்க்காமல் மேசையில் உட்கார்ந்தான். ஒரேஸ்தே மனைவியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான், அடுப்பில் பால் வைத்தவன் மாதிரி. அவள் முகம் விழவில்லை. பார்த்தாள், தலையசைத்தாள், பரிமாறினாள்.

அமேதேயோ ஒரு வாய் தின்றுவிட்டு நிமிர்ந்தான். "சிஞ்ஞோரா, அந்தச் சீஸை இப்படித் தள்ளுங்க. மெதுவா. எனக்கு அவசரமில்லே."

ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அப்படியொரு குரல். கிணற்றுக்கு அடியிலிருந்து வருகிற மாதிரி. ஒரேஸ்தேயின் வாயில் இருந்த பாஸ்தா அங்கேயே நின்றுவிட்டது. எர்சிலியா சீஸைத் தள்ளவில்லை. கரண்டியைக் கீழே வைத்தாள். இடுப்பில் கையை ஊன்றினாள். தொண்டையிலிருந்து ஒரு புதுக் குரலை எடுத்தாள், ஒரேஸ்தே கல்யாணமான நாளிலிருந்து கேட்டிராத, புகைந்த, கரகரப்பான குரல்.

"துப்பாக்கியை வெளியில வெச்சுட்டு உள்ள வா, அந்நியனே. இப்பத்தான் தரை துடைச்சேன்."

போன மாதப் படத்தில் பண்ணைக்கார விதவை பேசும் வசனம் அது. அமேதேயோவின் முள்கரண்டி பாதி வழியில் நின்றது. அவன் அடுத்த வரியைச் சொன்னான். அவள் அதற்கடுத்ததைச் சொன்னாள். ஒரு எழுத்துப் பிசகவில்லை, ஒரு மூச்சுத் தப்பவில்லை. விதவை அழ வேண்டிய இடத்தில் அழுதாள், துப்பாக்கியை நீட்ட வேண்டிய இடத்தில் ரொட்டியை நீட்டினாள். பாஸ்தா ஆறிப்போனது. எதிர்வீட்டு ஜன்னலில் இரண்டு தலைகள் முளைத்துக் கைதட்டின. தன் சொந்த மேசையில், தன் சொந்த ஈரல் சாற்றுக்கு எதிரில், தன் சொந்தப் பெண்டாட்டியை ஒருவன் காதலிப்பதை ஒரேஸ்தே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இதற்கு அந்த ஸ்டூல்காரனே தேவலை, அவனாவது திரைக்குள்ளேயே இருந்தான்.

"இது எங்க ஒளிஞ்சிருந்துச்சு?" என்றான் அமேதேயோ, ஒரேஸ்தேயைப் பார்த்து, கிட்டத்தட்டத் திட்டுகிற மாதிரி. விதவைகளுக்குப் பேசிக்கொண்டிருந்த அம்மாள் கல்யாணமாகி மிலானுக்குப் போய்விட்டாள், ஒரு மாதமாக ஆளில்லாமல் ஃபூல்வியோ தலையைப் பிய்த்துக்கொள்கிறார் என்றான். ஃபூல்வியோ டப்பிங் இயக்குநர். ஒரேஸ்தே அவசர அவசரமாக, இவளுக்கு வீட்டு வேலை இருக்கிறது, தவிர இவள் வாயைத் திறந்தால் தெருப்பூனைகள் ஊரைக் காலிபண்ணிக்கொண்டு போய்விடும் என்றான். அதுதான் வேண்டும், விதவை கத்தினால் கொள்ளைக்காரன் பயப்பட வேண்டாமா என்று அமேதேயோ இரண்டாம் தட்டு பாஸ்தாவை நெருங்கினான். திங்கட்கிழமை வந்துவிடச் சொல்லிவிட்டு, மூன்றாம் தட்டையும் முடித்துக்கொண்டுதான் கிளம்பினான்.

கதவைச் சாத்தியதும் ஒரேஸ்தே பிடித்துக்கொண்டான். வெட்கமாக இல்லையா, அந்தப் பூசணிக்காய்க்கா முழங்கால் விட்டுப்போகிறது என்று பொரிந்தான். எர்சிலியா நிதானமாக ஏப்ரனைக் கட்டிக்கொண்டாள்.

"முழங்காலும் விட்டுப்போகல, ஒண்ணும் விட்டுப்போகல. கல்யாணத்துலேர்ந்து உன்கிட்ட கேட்டுக்கிட்டிருக்கேன், ஒருநாள் என்னை டப்பிங்குக்குக் கூட்டிட்டுப் போ, நான் பேசிக் காட்டறேன்னு. நீ என்ன சொன்னே? பொண்டாட்டி வர்ற எடமில்லேன்னு சிரிச்சே. சரி, நாம போக முடியலேன்னா அங்கேர்ந்து ஒருத்தரை இங்க வரவழைப்போம்னு பெருமூச்சு விட ஆரம்பிச்சேன். பெருமூச்சுக்குக் காசா பணமா?"

ஒரேஸ்தே நாற்காலியைத் தேடி உட்கார்ந்தான்.

"அப்ப டஸ்டி கால்டன்?"

"அவனை யார் பாத்தா? ஒவ்வொரு வியாழக்கிழமையும் அந்த விதவை வாயைப் பாத்துக்கிட்டிருந்தேன், வசனம் பாடம் பண்ண வேணாமா? மொத வாரமே நீ பொறாமைப்பட்டு அந்தக் குரல்கார மனுஷனைக் கூட்டிட்டு வந்துடுவேன்னு நெனச்சேன். நீ கள்ளிச்செடி, கைக்கடிகாரம்னு ரொம்ப நாள் இழுத்துட்டே."

திங்கட்கிழமை அவள் வேலைக்குப் போனாள். ஃபூல்வியோ பேசச் சொல்லிக் கேட்டார், முதலாளிக்கு ஆள் அனுப்பினார். குறைந்த சம்பளத்துக்கு ஒரு விதவை கிடைத்த சந்தோஷத்தில் முதலாளி, அடுத்த படத்தில் விதவைக்கு இன்னும் இரண்டு காட்சி எழுதச் சொல்லிவிட்டார். தடுக்க முடியுமா ஒரேஸ்தேயால்? கூட்டிக்கொண்டு வந்தவனே அவன்தான் என்று கூடம் முழுக்க அவனுக்குக் கைகுலுக்கல் வேறு.

அந்தப் புதுக் காட்சிகளில் ஒன்று வந்து சேர்ந்த நாளை அவன் மறக்கவே மாட்டான். விளக்கை அணைத்தார்கள். திரையில் டஸ்டி கால்டன் தொப்பியைக் கழற்றிவிட்டு விதவையை நெருங்கினான். மைக்குக்கு முன்னால் அமேதேயோ பெட்டிமேல், பக்கத்தில் எர்சிலியா, இரண்டு தலையும் ஒட்டாத குறை. மூலையில் காலடிச் சத்தத்துக்கான மணல் தட்டுக்கும் சிரட்டைக்கும் நடுவில் ஒரேஸ்தே. அவர்கள் பேசி முடித்தார்கள். இரண்டு வாய்களும் திரையில் சேர்ந்தன. கூடத்தில் ஒரு சத்தமும் இல்லை.

"ஒரேஸ்தே," என்றார் ஃபூல்வியோ இருட்டுக்குள்ளிருந்து, "முத்தம் எங்கே?"

முத்தமும் அவன் இலாகாதான். வேறு வழியில்லாமல் தன் புறங்கையைத் தூக்கினான், உதட்டில் வைத்தான், தன் பெண்டாட்டிக்கு டஸ்டி கால்டன் கொடுக்கும் முத்தத்தைத் தன் கைக்கே கொடுத்துக்கொண்டான். ஃபூல்வியோவுக்குத் திருப்தியில்லை. மறுபடி ஓட்டினார்கள். மறுபடி கொடுத்தான். மறுபடியும் சரியில்லை என்றார். உயிரே இல்லையே அப்பா, ஏதோ தபால்தலையை நக்கி ஒட்டுகிற மாதிரி இருக்கிறது, கொஞ்சம் மனசு வைத்துக் கொடு என்றார். இன்னொரு தடவை ஓட்டச் சொல்லிக் கையைத் தூக்கினார்.

அப்போது மைக் பக்கமிருந்து எர்சிலியா சொன்னாள்.

"விட்டுடுங்க ஃபூல்வியோ. வீட்லயும் இவருக்கு இவ்வளவுதான் வரும்."